மூன்றாவது ஹீட்டர் பிளக்

எங்கள் தெருவில் அவருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பட்டறைப் பலகையில் எழுதியிருந்தது. வெயிலும் மழையும் அதை முக்கால்வாசி உரித்துவிட்டன, யாரும் அதைத் தேடவும் இல்லை. எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே “ரெண்டு நிமிஷ வேலை” என்று சொல்லிவிடுவார். வண்டிக்காரர் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கும். நிம்மதியாக டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது அவருடைய இன்ஜின் பாதி தரையில் பரப்பிக் கிடக்கும்.

பொய் சொல்கிற மனிதர் இல்லை. சொல்லும்போது மனதார நம்பித்தான் சொல்வார். வேலையும் சுத்தம், ஒரு முறை அவர் கை பட்ட இடம் மறுமுறை தொல்லை கொடுத்ததில்லை. கணக்கு மட்டும்தான் உதைக்கும்.

நான் அந்தக் கட்டடத்தின் மாடியில் முன்பக்க அறையில் குடியிருக்கிறேன். பின்பக்கம் அவரும் அவர் மனைவியும். கீழே இடது பக்கம் அவருடைய பட்டறை, வலது பக்கம் அவர் மனைவியின் சலவைக் கடை. நடுவில் ஒரே சுவர். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒரு நாசியில் சோப்பு வாசனையும் இன்னொரு நாசியில் டீசல் வாசனையும் ஏறும். அந்த அம்மாவைத் தெருவே அக்கா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். இங்கே சொல்வதில் பாதி நான் ஜன்னலில் நின்று பார்த்தது. மீதி, சட்டை வாங்கப் போகும்போது அக்கா சொன்னதும், மாடிப்படியில் எதிர்ப்படும்போது அவர் சொன்னதும். இருவர் பேச்சும் ஒத்துவராத இடங்களில் நான் அக்காவையே நம்பியிருக்கிறேன்.

அக்காவிடம் ஒரு பழைய டீசல் வேன் உண்டு. அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அதனால்தான் வீட்டுக்காரர் பேச்சுக்கு அது அடங்குவதில்லை என்பார் அக்கா. விடியும்போதே அதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு சலூன், ஒரு பல் மருத்துவமனை, கடைசியாக ஒரு தங்கும் விடுதி. எல்லா இடத்திலும் அழுக்கு மூட்டையை ஏற்றி, சலவை மூட்டையை இறக்கிவிட்டு, மதியத்துக்கு முன் வீடு திரும்புவார்.

குளிர்காலம் தொடங்கியதும் வேன் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் இருமும், குலுங்கும், வெள்ளைப் புகையைக் கக்கும், பிறகு அமைதியாகிவிடும். அக்கா மறுபடி திருப்புவார். அந்தச் சத்தத்தில் எங்கள் தெருவே விழித்துக்கொள்ளும். யாரும் அலாரம் வைப்பதில்லை.

பழைய டீசல் இன்ஜினுக்குக் குளிரில் தானாகப் பற்றிக்கொள்ளும் சூடு இருக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக, விரல் நீளத்தில் சின்னச் சின்ன பிளக் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அதன் முனை கனன்று உள்ளே சூடேற்றிக் கொடுக்கும். குளோ பிளக் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், பட்டறையில் ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று செத்துப்போனாலும் விடியற்காலை வண்டி அழும். இது அவருக்குத் தெரியாதா? அக்கா முதல் நாள் சொன்னபோதே, சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஹீட்டர் பிளக்தான். ரெண்டு நிமிஷ வேலை. சாயந்திரம் பாக்கறேன்” என்றார். சாயந்திரம் வேறொருவர் வண்டி வந்துவிட்டது. மறுநாள் இன்னொன்று. ஊர் வண்டிகளுக்கெல்லாம் அவர் வைத்தியர், வீட்டு வண்டிக்கு வேடிக்கை பார்க்கிறவர். குளிர்காலம் பாதி போய்விட்டது.

ஒரு நாள் காலை வேன் சுத்தமாகப் படுத்துவிட்டது. பேட்டரியும் ஓய்ந்துபோய் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது. அக்கா கத்தவில்லை, சண்டை போடவில்லை. இறங்கி, கதவைச் சாத்தி, மாடியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்துத் தையல்காரரையும் கூப்பிட்டார். மூவருமாகச் சேர்ந்து தள்ளினோம். தெருவைக் கடந்து நேரே எதிர்ப்பட்டறைக்கு.

எதிர்ப்பட்டறைக்காரருக்குப் ‘பாக்கலாம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரே பதில் அது. ஒரு காலத்தில் அக்காவின் வீட்டுக்காரரும் அவரும் கூட்டாகத்தான் தொழில் தொடங்கினார்கள். வண்டியைக் கொண்டு வருகிறவனிடம் ஒருவர் ரெண்டு நிமிஷம் என்பார், அடுத்தவர் பாக்கலாம் என்பார். வந்தவன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துக் குழம்பி வேறு பட்டறைக்குப் போய்விடுவான். அதனால் பிரிந்தார்கள். பெரிய பகை என்று எதுவும் இல்லை. பேசிக்கொள்வது மட்டும் நின்றுபோயிற்று. ஆனால் இவர் பட்டறையில் என்ன வண்டி நிற்கிறது என்று அவருக்கும், அவர் பட்டறையில் என்ன நிற்கிறது என்று இவருக்கும் எப்போதும் தெரியும்.

நாங்கள் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் ரெண்டு நிமிஷம் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். தெரிந்த டயர் நான்கு மெதுவாக உருண்டு போவதைப் பார்த்திருக்கிறார். அதன் பின்னால் தெரிந்த செருப்பு ஒரு ஜோடி. வீட்டு வாசலில் தினமும் பார்க்கிற செருப்பு. அவர் வெளியே வருவதற்குள் வேன் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாக்கலாம் பானெட்டைத் தூக்கி, பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றி, ஒரு சின்ன பல்பில் ஒயரைக் கட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முதலாவதில் பல்பு எரிந்தது, இரண்டாவதில் எரிந்தது, நான்காவதிலும் எரிந்தது. மூன்றாவதில் பல்பு கண்ணைத் திறக்கவே இல்லை. அதில் ஸ்பேனரை வைத்து லேசாக ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். பூனை மேல் கை வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

“இது சீக்கிரம் வராதும்மா. உள்ளே கரி கட்டி இறுகிப்போயிருக்கு. அழுத்தினா உடைஞ்சிரும். உடைஞ்சா இன்ஜின் மேல இருக்கற ஹெட்டையே கழட்டணும்” என்றார். பிறகு பழக்க தோஷத்தில், “பாக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் ரெண்டு நிமிஷம் கையைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்து நின்றார். முன்னாள் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் இன்ஜினைப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷ வேலைக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று இவர் பொதுவாகக் காற்றிடம் கேட்டார். கரி பிடித்த பிளக் ஆளைப் பார்த்து இளகாது என்று அவரும் காற்றிடமே பதில் சொன்னார்.

“என் வண்டியை நான் பாத்துக்கறேன்” என்றார் இவர் அக்காவிடம்.

“யார் வண்டியை?” என்றார் அக்கா.

தையல்காரர் வானத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். கடைசியில் அக்காவே, சரி, வீட்டிலேயே நடக்கட்டும் என்று சொல்ல, வேனைத் திரும்பத் தள்ளினோம். இந்த முறை பாக்கலாமும் ஒரு கை கொடுத்தார். மேடாக இருக்கிறதே, அதனால்தான் என்று யாரும் கேட்காமலே விளக்கமும் கொடுத்தார். தெரு சமதரைதான்.

வெயில் ஏறியதும் வேறு பேட்டரி கட்டி இழுத்ததில் வேன் எப்படியோ கிளம்பிவிட்டது. வீட்டுக்காரர் இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். சூட்டில் உலோகம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பிறகு மூன்றாவது பிளக்கில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிளக் திரும்பிய சத்தம் இல்லை, முறுக்கிக்கொண்ட சத்தம். அவர் ஒரு நீள இரும்புக் குழாயை எடுத்து வந்து ஸ்பேனர் பிடியில் சொருகினார்.

இங்கே ஒரு பழைய கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் இதேபோல் ஒரு பிளக்கை இதே குழாய் போட்டுத் திருகி, பாதி கையிலும் பாதி உள்ளேயுமாக உடைத்துவிட்டார். அந்த ‘ரெண்டு நிமிஷம்’ ஒரு மாதம் நீண்டது. வண்டிக்காரர் தினமும் வந்து பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். போகப் போக அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு செய்ய வேண்டியிருந்தது. செய்தவர் அக்கா.

சத்தம் கேட்டதும் சலவைக் கடையிலிருந்து அக்கா வெளியே வந்தார். குழாயை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று முதல் அந்தக் குழாய் சலவைக் கடையில் திரைச்சீலை காயப்போடும் கம்பியாக உத்தியோகம் பார்க்கிறது.

குழாயை வைத்துவிட்டு வந்து சொன்னார்: “இது உடைஞ்சா என் தொழில் நின்னுரும். விடுதிக்காரங்க எனக்காக ஒரு மாசம் காத்திருக்க மாட்டாங்க. பொறுமையா எடுக்கறதுன்னா எடுங்க. இல்லன்னா எதிர்லயே தள்ளி விட்டுர்றேன்.”

எதிர்ல என்ற சொல் வேலை செய்தது. பொறுமையாக எடுப்பது எப்படி என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பிளக்கைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைக்க வேண்டும். வண்டியை ஓட்டி இன்ஜினைச் சூடாக்க வேண்டும். சூடு இருக்கும்போதே மணிக்கட்டு பலத்தோடு மட்டும், கொஞ்சம் இறுக்குவது, கொஞ்சம் தளர்த்துவது என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். மறுத்தால் விட்டுவிட்டு, மறுபடி எண்ணெய், மறுபடி ஓட்டம். தெரிந்த வித்தைதான், கடைப்பிடித்தது இல்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் இப்படிப் போயிற்று. அக்கா சுற்று முடித்துக் கொதிக்கிற இன்ஜினோடு வந்து நிறுத்துவார். வந்துவிட்டேன் என்று குரல் கொடுப்பார். பக்கத்துக் காருக்கு அடியிலிருந்து, “ரெண்டு நிமிஷம்” என்று பதில் வரும். அவர் எழுந்து வரும்போது இன்ஜின் மேல் பூனை படுத்துத் தூங்கலாம், அவ்வளவு குளிர்ந்திருக்கும். மூன்றாம் நாள் அக்கா பட்டறைக்குள் வந்து, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களிடம் பேசினார். இன்ஜின் சூடு யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்காது, நாளையிலிருந்து நீங்கள் என்கூட வருகிறீர்கள் என்று. பாதங்கள் ஏதோ முணுமுணுத்தன. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் மனைவியோடு அந்தச் சுற்றுக்குப் போனதே இல்லை. ‘மிஷின்தானே துவைக்குது’ என்பது சலவைத் தொழிலைப் பற்றி அவருடைய நெடுநாள் கருத்து.

முதல் நாள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவருக்கு உட்கார இடம் இல்லை. அங்கே அக்காவின் தண்ணீர்ப் பாட்டில், சாப்பாட்டு டப்பா, மடித்த சால்வை, கறை எடுக்கும் திரவங்கள் எல்லாம் வெகுகாலமாகக் குடியிருந்தன. எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். அக்கா வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கியரை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே மாற்றியிருக்கலாம் என்று ஆரம்பித்தார். இறங்கி நடந்து வருகிறீர்களா என்று அக்கா கேட்டார். அத்தோடு கியரைப் பற்றிய பேச்சு முடிந்தது.

சலூன் வாசலில் நிறுத்தியதும், அக்கா துண்டு மூட்டையோடு உள்ளே போக, இவர் பானெட்டைத் திறந்து ஸ்பேனரை வைத்தார். சலூன்காரர் கத்தரியோடு வெளியே எட்டிப் பார்த்து, “ஓ, ரெண்டு நிமிஷம் சார் நீங்கதானா?” என்று அன்போடு கேட்டார். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தெருப் பெயர் இந்தத் தெருவுக்கு எப்படி வந்தது? பல் மருத்துவமனையில் இன்னும் மோசம். வரவேற்பில் இருந்த பெண், அக்காவின் சலவை மிஷினில் லேசாகச் சத்தம் வருகிறது என்று நீங்கள் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி சேர்க்கும்போது மூன்று திருகாணி மிச்சமானது நிஜமா என்று கேட்டாள். உள்ளே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நோயாளி ஒருவர் வாயை மூடாமலே சிரித்தார்.

திரும்பும் வழியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: “ஊரெல்லாம் என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கே?”

“உள்ளதைத்தான்” என்றார் அக்கா.

“மூணு திருகாணி இல்ல. ரெண்டுதான் மிச்சமாச்சு.”

“அப்ப மூணாவது எங்க போச்சு?” என்றார் அக்கா. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதியில்தான் அவருக்கு வேறொரு விஷயம் புரிந்தது. அங்கே சலவை மூட்டைகளைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லிப்ட் தங்க வருகிறவர்களுக்கு மட்டும். படிக்கட்டு செங்குத்து, ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் ஏற முடியும். பெருந்தன்மையாக ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கியர்பாக்ஸைத் தனியாளாகத் தூக்குகிற மனிதர், முதல் மாடித் திருப்பத்தில் மூட்டையைச் சுவரில் சாய்த்து நின்றுவிட்டார். அக்கா தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக அவரைத் தாண்டி ஏறிப் போனார். மேலே விடுதி மேலாளர் அம்மாள் ஒவ்வொரு தலையணை உறையையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். ஒன்றில் கடுகளவு மை தெரிந்தால் மூட்டையே திரும்பும். அன்று ஒன்றும் திரும்பவில்லை. அக்கா பிறகு சொன்னார், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது மிஷின்தானே என்ற பேச்சு வரவில்லை, தோள் வலி எண்ணெய் எங்கே என்ற பேச்சுதான் வந்தது என்று.

பிளக் கதை அதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. நிற்கும் இடமெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சின்ன ஆட்டல். நான்கைந்து நாளில் அவர் பேச்சே மாறிவிட்டது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால், “இன்னிக்கு ஒரு மயிரிழை நகர்ந்துச்சு” என்பார். மறுநாள், “நேத்து நகர்ந்தது அப்படியே நிக்குது, பின்வாங்கலை” என்பார், ஏதோ போர்முனைச் செய்தி சொல்வதுபோல. தெருவில் தையல்காரர் விசாரிப்பார். எதிர்ப்பட்டறையிலிருந்து பாக்கலாம் வாயைத் திறக்காமல் முகவாயை மட்டும் உயர்த்தி ‘என்ன ஆச்சு?’ என்பார். இவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசான இடைவெளி விட்டுக் காட்டுவார். அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போவார். பல வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த உரையாடல் அது.

பட்டறையில் வேலை தேங்கியது. காத்திருந்த வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவரோ விடியும்போதே எழுந்து, அக்கா சொல்வதற்கு முன்பே வேனில் மூட்டைகளை அடுக்கிவிட்டு, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

பிளக் கழன்ற நாள் வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. வேன் விடுதியின் பின்முற்றத்தில் நின்றது. மூட்டைகளில் பெரியதை அவர் முதலிலேயே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தார். இப்போது முதல் மாடித் திருப்பத்தில் நிற்பதில்லை, இரண்டாவது மாடியில்தான் நின்றார். பானெட்டைத் திறந்து ஸ்பேனரை மாட்டினார். தலைக்கு மேலே துணி அறையின் ஜன்னல் திறந்திருந்தது. மேலாளர் அம்மாளின் குரல் கேட்டது. அவள் தலையணை உறையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள்.

உங்கள் வீட்டுக்காரர் நீங்கள் சொன்ன மாதிரி இல்லையே, நல்ல மனிதராகத்தானே தெரிகிறார் என்றாள் அவள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் அவருடைய காது மேலே போய்விட்டது. கை மட்டும் கீழே ஸ்பேனரில் இருந்தது. இறுக்கி, தளர்த்தி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“நான் எங்கே அவரைக் கெட்டவர்னு சொன்னேன்?” என்றது அக்காவின் குரல். “அவர் ரெண்டு நிமிஷம்னு சொல்றது ஏமாத்தறதுக்கு இல்லம்மா. நடுவழியில வண்டி நின்னுபோனவன் பாதி அழுதுக்கிட்டேதான் வருவான். அந்த முகத்தைப் பாக்க இவருக்கு மனசு வராது. ரெண்டு நிமிஷம்னு சொன்னா அவன் முகம் தெளிஞ்சிரும். அதுக்காகச் சொல்றாரு.”

அப்படியானால் உங்கள் வண்டியை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை என்று மேலாளர் அம்மாள் கேட்டாள்.

“நான் முகத்தை வாட விடறதில்லையே. அதான் என் வண்டி வரிசையில கடைசியா நிக்குது.”

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கீழே நின்றவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கையில் இருந்த ஸ்பேனர் திடீரென்று லேசாகிவிட்டது. தடை எதுவும் இல்லாமல் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போயிற்று.

உடைந்துவிட்டது என்றே நினைத்தார். உள்ளே பாதி, வெளியே பாதி. ஹெட்டைக் கழற்ற வேண்டும், வேன் படுத்துவிடும், இந்த விடுதி போய்விடும். குனிந்து பார்க்கத் துணிச்சல் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இறங்கி வந்த அக்கா பார்த்தபோது, திறந்த பானெட்டுக்கு முன்னால் சாமி கும்பிடுகிறவர்போல் நின்றுகொண்டிருந்தாராம்.

“என்ன ஆச்சு?”

“உடைச்சிட்டேன் போலிருக்கு. நீயே பாரு.”

அக்கா குனிந்து பார்த்தார். உடைந்ததுபோல் தெரியவில்லை, முழுசாகத்தான் இருக்கிறது, கையால் சுற்றிப் பாருங்கள் என்றார். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, விரலால் பிடித்துச் சுற்றினார். மரை மரையாக வெளியே வந்தது. கடைசியில் கரி கட்டியிருந்த முனை உள்ளே கவ்வியது. இழுக்கவில்லை, அப்படியும் இப்படியும் அசைத்து, குழந்தை வாயிலிருந்து மிட்டாயை எடுப்பதுபோல் எடுத்தார். கறுத்து, தடித்து, அசிங்கமாக, ஆனால் முழு உருவத்தோடு மூன்றாவது பிளக் அவர் உள்ளங்கையில் கிடந்தது. அப்படியே பின்னால் இருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

அது இன்னும் மேலே போகாத சலவை மூட்டை. அழுக்கு மூட்டை அந்தப் பக்கம் இருந்தது. அவர் எழுந்தபோது வெள்ளைப் போர்வையில் கிரீஸில் அவருடைய பின்புறத்தின் படம் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் போர்வையை மேலாளர் அம்மாளுக்குத் தெரியாமல் திரும்ப எடுத்துப் போனார்கள்.

புதுப் பிளக் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் நாளிலிருந்து ஒரு துணியில் சுற்றிச் சுமந்துகொண்டிருந்தார். ஆனால் பழையது இருந்த துளையில் கரி அப்பியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் நாளைக்கு இதே கதைதான். சுரண்டுவதற்கு ரீமர் என்று ஒரு கருவி வேண்டும். அது தெருவிலேயே ஒருவரிடம்தான் உண்டு. துளையைத் திறந்துபோட்டுவிட்டு வண்டியை ஓட்டவும் முடியாது.

அவர் போனை எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாங்கி எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தார்.

“அந்த ரீமர் இருக்கா?” என்றார் இவர்.

“வந்துருச்சா?” என்றது எதிர்க்குரல்.

“வந்துருச்சு. முழுசா.”

பாக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் இவர் எதிர்பார்த்தார்.

“வர்றேன்” என்றார் அவர்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சௌக்கியமா என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. பழைய பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரீமரின் பல்லில் கிரீஸைத் தடவி, கரி உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும்படி, மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தார். துடைத்தார், மறுபடி தடவினார். இவர் டார்ச் பிடித்தார். பிறகு புதுப் பிளக்கின் மரையில் இனிமேல் இறுகாமல் இருக்கப் பசை தடவி, இவர் கையால் சுற்றி உள்ளே விட்டார். எவ்வளவு இறுக்குவது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. ஒருவர் போதும் என்றார், மற்றவர் இன்னும் கொஞ்சம் என்றார். குரல் உயர்ந்தது. அக்காவுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்ததாம். பழைய நாட்களில் கீழே பட்டறையில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை இந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் விடியற்காலை, அந்தக் குளிர்காலத்திலேயே நல்ல குளிர். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே வேன் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை. தெருவில் பாதிப் பேர் அன்று வேலைக்குத் தாமதமாகப் போனார்கள், நானும்தான்.

இனிமேல் அவர் பட்டறைக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அன்று காலையும் மடியில் சாப்பாட்டு டப்பாவோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மீதி மூன்று பிளக்கும் அதே வயதுதானே, இன்றில்லாவிட்டால் நாளை அதுவும் செத்துப்போகும், இப்போதே பொறுமையாக எடுத்துவிட வேண்டும் என்று விளக்கினார். பட்டறை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறது. முதலாவது பிளக்கும் பயங்கர இறுக்கம் என்று மாடிப்படியில் என்னிடம் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். இடைவெளியே இல்லை.

போன வாரம் சட்டை வாங்கப் போனேன். அக்கா சட்டைகளை மடித்துக் கட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு இதைச் சொன்னார். விடுதியில் அவர் மூட்டையோடு மூன்றாவது மாடிக்கு ஏறிப் போயிருந்தபோது, அக்கா சும்மா பானெட்டைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து முதலாவது பிளக்கில் வைத்திருக்கிறார். இரண்டு விரலால் தொட்டதுமே அது வெண்ணெய் மாதிரி திரும்பியது. இரண்டாவதும் அப்படித்தான், நான்காவதும் அப்படித்தான். எல்லாவற்றையும் பழையபடி இறுக்கிவிட்டு, பானெட்டைச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவர் மூச்சு வாங்க இறங்கி வந்து, பானெட்டைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அசையவே மாட்டேன் என்கிறது என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க அக்கா?” என்று கேட்டேன்.

“அவசரம் ஒண்ணும் இல்ல, உடைஞ்சிரப்போகுது, மெதுவாவே எடுங்கன்னு சொன்னேன்” என்றார் அக்கா, சட்டைக் கட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே.